புதுப்பிப்பு: கராஜில் வேலை பழகிய பிள்ளைக்கு என்விகியூ (இலங்கையின் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்)

முந்தின பதிவில், ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) சித்தியில்லாத பிள்ளைகளை வன்னியிலுள்ள பயிற்சி நிலையங்களில் சேர்ப்பது பற்றி எழுதியிருந்தேன். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைப் பற்றி அதில் எழுதவில்லை. அது பெரிய குறை.

மாங்குளத்தில் நாலைந்து வருடமாக மோட்டார் சைக்கிள் திருத்துகிற பெடியனைத் திரும்ப ஆரம்ப வகுப்பில் இருத்தாதீர்கள். முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல் முறையில் நேரே என்விகியூ மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் பார்ப்பது அந்தத் தொழிலுக்குரிய தேசியத் தேர்ச்சி நியமத்தை, அதாவது அந்தத் தொழிலில் என்னென்ன செய்யத் தெரியவேணும் என்று அலகுகளாக வகுத்த ஆவணத்தை. ஆகவே முதல் சந்திப்பில் எந்தத் தொழிலில் விருப்பம் என்று பார்க்கிற ஆர்வப் பரீட்சை வேண்டாம். நியமத்தை அலகு அலகாக வாசித்து, "இதைத் தனியச் செய்வீரா, தம்பி?" என்று கேளுங்கள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற கை மல்டிமீற்றரில் தடுமாறலாம். அந்த இடைவெளியை மட்டும் நிரப்பினால் போதும்.

செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுக்கிற சான்றுக் கோப்பில்தான் கனபேர் சறுக்குகிறார்கள். "நல்ல பிள்ளை" என்று மட்டும் கராஜ்காரர் எழுதித் தரும் கடிதம் உதவாது. வேலை செய்த காலமும் செய்த வேலைகளும் கடிதத்தில் இருக்கவேணும். படத்தில் முகமும் கைவேலையும் சேர்ந்து தெரியட்டும். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று முதலே பாருங்கள். இடம்பெயர்வில் ஆவணம் தொலைத்த குடும்பமென்றால் பிரதி எடுப்பதுதான் முதல் வேலை.

என்விகியூ மட்டம் 3 கிடைத்தவரை அங்கேயே விடாதீர்கள். டிப்ளோமாவான மட்டம் 5க்குப் போகிற படி மட்டம் 4.