உதவி: ஐ.டி. ஃபேன் பேரிங் வெப்பநிலைக்கு வைத்த மூன்று சிக்மா எல்லை ஓயாமல் அலறுகிறது

கொதிகலன்210: வணக்கம். எங்கள் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் புகையை இழுத்துப் புகைபோக்கிக்கு அனுப்பும் ஐ.டி. ஃபேன்களின் பேரிங் வெப்பநிலைக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் கண்டு, மூன்று சிக்மா எல்லை (சராசரிக்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கம்) வைத்தேன். மூன்று நாட்களாக அலாரம் ஓயவில்லை; ஷிஃப்ட் இன்ஜினியர் அந்தத் திரையையே அணைத்துவிட்டார். நாளை காலைக்குள் சரிசெய்ய வேண்டும்.

புள்ளிக்காரி: எத்தனை நிமிடத்துக்கு ஓர் அளவு? எத்தனை சென்சார்கள்? எந்த நாட்களின் தரவு?

சாம்பல்மேடு: நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம். புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் ஈ.எஸ்.பி.யில் ஒரு ஃபீல்டு (மின்புலப் பகுதி) படுத்தாலும் ஃபேனின் இம்பெல்லர் (சுழலும் இறக்கைச் சக்கரம்) அரித்துச் சமநிலை குலையும், பேரிங் சுடும். அலாரம் பொய் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

பழைய டர்பைன்: புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். இப்படி எல்லை வைத்துக் கண்காணிக்க ஷூவார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம், ஒவ்வோர் அளவும் முந்தையதைச் சாராதது என்ற அனுமானத்தில் நிற்பது. பேரிங் வெப்பநிலையோ நிமிடத்துக்கு நிமிடம் தன் நிழலையே தொடர்வது. அனுமானம் பொருந்தினாலும் சராசரியாக 370 அளவுக்கு ஒரு பொய் அலாரம் வரும் என்பதாவது தெரியுமா?

கொதிகலன்210: நிமிடத்துக்கு ஒன்று, மோட்டார்களும் சேர்த்து 12 சென்சார்கள். தரவு ஏப்ரல் மாதத்தது, 210 மெகாவாட் முழு லோடில் எடுத்தது. இப்போது பகலில் சோலார் ஏறினால் 120க்கு இறக்குகிறோம். தாண்டுவது கீழ் எல்லையைத்தான்.

புள்ளிக்காரி: கீழ் எல்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! தேய்ந்த பேரிங் குளிராது. லோடையும் வெளி வெப்பநிலையையும் வைத்து எதிர்பார்க்கும் வெப்பநிலையைக் கணக்கிட்டு, அளந்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடத்தில் இடுங்கள். நிமிட அளவு வேண்டாம், 15 நிமிடச் சராசரி போதும்.

சாம்பல்மேடு: அதற்குள் எண்ணெய் நின்றால் பேரிங் உருகிவிடும்.

புள்ளிக்காரி: அதற்கு டிரிப் (ஃபேனைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு) இருக்கிறது. இந்த வரைபடம் வாரக்கணக்கில் மெல்ல ஏறுவதைப் பிடிக்கத்தான்.

பழைய டர்பைன்: மெல்ல ஏறுவதற்கு விலகல்களைக் கூட்டிக்கொண்டே போகும், பேஜ் 1954இல் தந்த கூட்டுத்தொகை முறையே பொருந்தும். 12 சென்சாரையும் சேர்த்து, பல அளவுகளை ஒரே எண்ணாக்கும் ஹோட்டலிங் டி வர்க்கம் போட்டால் ஒரே வரைபடம்.

புள்ளிக்காரி: அந்த ஒரே வரைபடம் அலறினால், பன்னிரண்டில் எதைத் தொட்டுப் பார்ப்பது என்று இரவு இரண்டு மணிக்கு ஆபரேட்டர் உங்களைத்தான் எழுப்புவார்.

பழைய டர்பைன்: அலாரத்தில் எந்த சென்சாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டப் பங்களிப்பு வரைபடம் என்று ஒன்று உண்டு, அம்மணி.

கொதிகலன்210: வித்தியாசத்துக்கு வரைபடம் போட்டேன். நேற்று முழுவதும் இரண்டே அலாரம். அதில் ஒன்று சென்சார் வயர் தளர்ந்திருந்ததால் வந்தது. திரையை மறுபடி போட்டுவிட்டார்கள். நன்றி.

சாம்பல்மேடு: மற்றொன்று?