மறு: எமோட், மஸ்காட் – மெய்ப்பாடும் கட்டியமும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எமோட், மஸ்காட் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவள் நான் என்பதால், வந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். நேரலை பார்க்கிறவர்கள் அரட்டையில் உணர்ச்சியைக் காட்டப் போடும் குட்டிப் படம் எமோட். சேனலுக்கு அடையாளமாக நிற்கும் பொம்மை உருவம் மஸ்காட். நடுவில் சேர்ந்தவர்களுக்காக, சொல் தேவைப்பட்ட இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலூர் லாங் பஜாருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், இவைதான் எங்கள் பிழைப்பு. கடையில் பைண்டிங் பார்க்கும் தம்பி ஒருவன் இரவில் கேம் ஆடி நேரலை ஓட்டுகிறான். தன் சேனலுக்கு ஒரு மஸ்காட்டும், அதை வைத்து எட்டு எமோட்டும் வரைந்து தரச் சொன்னான். "சும்மா வாணாம்கா, பில்லு போட்டுக் குடு" என்று பிடிவாதம். எங்கள் பில் புத்தகம் முழுக்கத் தமிழில் இருக்கும். 'விவரம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அன்றைக்கு இரவே இங்கே எழுதினேன்.

அவன் கேட்ட உருவம் இலவம்பாடி முள்ளுக்கத்தரி. அணைக்கட்டுப் பக்கம் விளைவது. வேலூர் முள்ளுக்கத்தரி என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடும் வாங்கியது. காம்பிலும், காயின் தலையில் உட்கார்ந்திருக்கும் பச்சைக் குல்லாயிலும் முள் இருக்கும். அவன் பாட்டி ஊர் அந்தப் பக்கம்தான். முதலில் ஆசையாக வேட்டி, கை, கால், மீசை எல்லாம் வைத்துப் பெரிதாக வரைந்தேன். டுவிட்ச் என்ற நேரலைத் தளத்தில் எமோட் மூன்று அளவில் வரும்: 28, 56, 112 படப்புள்ளிகள், நீளமும் அகலமும் ஒன்றே. யூடியூப் அரட்டையிலும் அது விரல்நகத்தைவிடச் சின்னதாகத்தான் தெரியும். 28க்குச் சுருக்கிக் காட்டியபோது அவன் சொன்னது: "இன்னாக்கா, முள்ளே தெரியல, ஏதோ கறை மாதிரி இருக்குது." உண்மைதான். வேட்டியும் காலும் போயின. இருபது முள்ளை மூன்றாக்கிக் கிரீடம் மாதிரி நிறுத்தினேன். அரட்டைத் திரை சிலருக்குக் கறுப்பு, சிலருக்கு வெள்ளை. கறுப்பில் ஊதா அமுங்கிப்போகிறது என்பதால் உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓட்டினேன். கைக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒரு இலை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விவாதத்துக்கு வேண்டியது. கோபத்துக்குப் புருவத்தை மட்டும் நெரித்துப் பார்த்தேன், எடுபடவில்லை. மூன்று முள்ளையும் விறைத்து நிற்க வைத்ததும் கோபம் வந்துவிட்டது. அழுகைக்குக் கண்ணீர் வரைய இடமில்லை. இரண்டு இலையையும் வாடித் தொங்கவிட்டேன், போதுமாக இருந்தது. முகத்தில் மட்டும் நிற்கிற விஷயமில்லை இது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இனி நீங்கள் சொன்ன சொற்களுக்கு வருகிறேன்.

'சிரிப்பான்' வலைப்பதிவுக் காலத்திலிருந்து நம்மோடு இருக்கிற நல்ல சொல், ஸ்மைலிக்கு அதையே வைத்துக்கொள்வோம். ஆனால் எமோட் அழவும் செய்யும், முறைக்கவும் செய்யும். அழுகிற சிரிப்பானை நான் எப்படிப் பில்லில் எழுதுவது?

'உணர்ச்சித்திரம்' எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறது. எமோஜி எல்லார் கைபேசியிலும் இருக்கும் பொதுச்சொத்து. எமோட் ஒரு சேனலுக்கு உரியது, பெரும்பாலும் அந்தச் சேனலுக்குச் சந்தா கட்டியவர்தான் போட முடியும். இன்னொன்றும் உண்டு. எமோஜி என்ற பெயரில் ஆங்கில 'எமோஷன்' இல்லை. ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. 1999இல் ஷிகேதாகா குரிதா என்ற வடிவமைப்பாளர் ஜப்பானின் தொகோமோ கைபேசி நிறுவனத்துக்காக 12க்கு 12 புள்ளியில் 176 படம் வரைந்தபோது அவர்களுக்கு அது படவெழுத்துதான். ஆகவே எமோஜிக்குப் 'படவெழுத்து' என்று இங்கே ஒருவர் சொன்னது மிகச் சரி. உணர்ச்சியிலிருந்து கிளைத்தது எமோட்தான்.

'பாவனை'தான் எனக்கு முதலில் பிடித்தது. "முகபாவனை நல்லா வருது" என்று பேச்சிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்து அண்ணா எழுதிய பிறகு அதைக் கைவிட்டேன். அங்கே பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். 'சேனலின் பாவனைகள்' என்று நான் எழுதினால் கடலுக்கு அந்தப்பக்கம் வேறு ஒன்றாகப் படிப்பார்கள். தமிழ்ச் சொல் இரண்டு கரையிலும் ஒரே பொருளில் நிற்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

'முகக்குறி' அகராதியிலேயே இருக்கிறது, சுருக்கமானது, புரிகிறது. கடைசிவரை என்னோடு போட்டியிட்ட சொல் இது. ஆனால் எழுத்தை மட்டும் வைத்து ஆடிய பழைய இணைய விளையாட்டுகளில் 'எமோட்' ஒரு கட்டளை. ஆட்டக்காரர் தன் பாத்திரம் கையாட்டுகிறது, கும்பிடுகிறது, தோளைக் குலுக்குகிறது என்று தட்டெழுதிக் காட்டுவார். அதாவது உடம்பால் செய்து காட்டுவது. என் கத்தரிக்காயின் கோபம் முள்ளில் இருக்கிறது, துக்கம் இலையில் இருக்கிறது. முகக்குறி அதில் பாதியைத்தான் பிடிக்கும். 'மெய்க்குறி' என்று மாற்றலாமே என்றார் ஒருவர். வேண்டாம் ஐயா, அந்தச் சொல் பிள்ளைகள் வாயில் வேறு பொருள் கொள்ளும்.

அப்படித்தான் மெய்ப்பாடு என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தேன். மனத்தில் நிகழ்வது மெய்யில், அதாவது உடம்பில், பிறர் காணத் தோன்றுவது மெய்ப்பாடு. தொல்காப்பியம் அதை எட்டாகச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. தம்பி கேட்டதும் எட்டு. அந்தப் பட்டியலைத் தாளில் எழுதி அவன் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவனே ஆட்டத்திலிருந்து ஓர் இடம் சொன்னான். எதிரி திடீரென்று பின்னால் வந்தால் அச்சம். எதிர்பாராமல் ஜெயித்தால் மருட்கை, அதாவது வியப்பு. கடைசி ஆளாக நின்று ஆட்டத்தை முடித்தால் பெருமிதம். நெட் போய்விட்டால் வெகுளி, அதாவது கோபம். இளிவரல் மட்டும் அவனுக்குப் புரியவில்லை. "சே, இப்படி ஆகிப்போச்சே என்று நம்மையே சின்னதாக நினைப்பது" என்றேன். "அதான்கா எனக்கு நெறைய வேணும்" என்றான்.

தொல்காப்பியர் அதோடு நிறுத்தவில்லை, ஒவ்வொன்றும் பிறக்கிற இடம் நான்கு என்கிறார். நகை எள்ளலிலும் பிறக்கும், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றிலும் பிறக்கும். எமோட் வரைகிறவருக்கு இது கையில் விளக்கு கொடுத்த மாதிரி. டுவிட்சில் பெயர் பெற்ற 'கப்பா' எமோட்டை எதற்குப் போடுகிறார்கள்? கிண்டலுக்கு. அது எள்ளலில் பிறந்த நகை. குழந்தைத்தனமான நகை வேறு படம், வேறு வாய், வேறு கண். உவகைக்குச் சொன்ன நான்கில் ஒன்று விளையாட்டு. இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது வெளியே தேடுவானேன்?

"இலக்கணத்தில் உணர்வுக்கு உள்ள பெயரை ஒரு பொம்மைப் படத்துக்கு வைக்கலாமா?" என்று பேராசிரியர் ஐயா வருந்தி எழுதியிருந்தார். உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன், ஐயா. ஆனால் பூவின் இதழ் பத்திரிகை ஆகவில்லையா, வரிசையைக் குறித்த நிரல் கணினிக்குப் போகவில்லையா? பழைய பொருள் எதுவும் அழியவில்லை. இந்தப் பெயர் உணர்வைவிட அது வெளியே தெரியும் தோற்றத்தைத்தான் அழுத்திச் சொல்கிறது. படத்துக்கு அது முறையாகவே பொருந்துகிறது.

மஸ்காட்டுக்கு வருவோம். செய்தித்தாள்கள் 'சின்னம்' என்று எழுதுகின்றன. அது தேர்தலுக்கும் அரசு முத்திரைக்கும் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. 'நற்பேற்றுச் சின்னம்' மூலத்துக்கு உண்மையானது. பிரெஞ்சு வழி வந்த அந்தச் சொல் மந்திரம், தாயத்து என்ற பொருளில் பிறந்ததுதான். ஆனால் 1982 தில்லி ஆசிய விளையாட்டின் அப்பு யானையையோ, 2022இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடில் வேட்டி சட்டையோடு கும்பிட்டு நின்ற குதிரைமுகத் 'தம்பி'யையோ யாரும் தாயத்தாகப் பார்க்கவில்லை. அவை வாசலில் நின்று வரவேற்றவை.

எங்கள் வடாற்காட்டில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியக் கூத்து. ராஜா வேஷம் வருவதற்கு முன்னால் கட்டியங்காரன் வந்துவிடுவான். வருகிறவர் யார் என்று கேட்பான், சபைக்கு எடுத்துச் சொல்வான், நம்மோடு பேசுவான். சிறு வயதில் எனக்குக் கதை புரிந்ததே அவனால்தான். சேனலில் மஸ்காட் செய்கிற வேலையும் அதுதான். ஆகவே கட்டியம் என்று முன்மொழிகிறேன். ஆள் விகுதி வேண்டாம், அப்போதுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் கத்தரிக்காய்க்கும் பொருந்தும். குறளில் அமைச்சு என்றால் அமைச்சர், தூது என்றால் தூதர், ஒற்று என்றால் ஒற்றர். அதே வழியில் கட்டியம் சொல்கிறவர் கட்டியம்.

கட்டியம் கூறுதல் என்றால் முகத்துதி என்று ஒரு நண்பர் தனிமடலில் எச்சரித்தார். அரண்மனைக் கட்டியத்துக்கு அது சரி. கூத்துக் கட்டியங்காரன் ராஜாவையே மடக்கிக் கேள்வி கேட்பவன். நேரலையில் ஆடுகிறவன் தோற்றால் அரட்டை முழுக்க அவனையே கேலி செய்து மெய்ப்பாடு போடுகிறார்களே, அந்த உரிமையும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

பில்லில் இப்படி எழுதிவிட்டேன்: 'சேனல் கட்டியம் (முள்ளுக்கத்தரி) – 1. மெய்ப்பாடு, மூன்று அளவில் – 8.' அசைகிற வகைக்கு 'அசை மெய்ப்பாடு' என்று வைத்திருக்கிறேன். 'இயங்கு' என்பதைவிட இது வாய்க்கு எளிது. தம்பி தன் கோப்புறைக்கும் 'மெய்ப்பாடு' என்றே பெயர் மாற்றிவிட்டான்.

நேற்று அடுத்த வேலையோடு வந்தான். பழைய உறுப்பினர் பெயருக்குப் பக்கத்தில் வரும் பேட்ஜ், மாதக்கணக்குப்படி நிறம் மாற வேண்டுமாம். கலெக்டர் ஆபீஸ் டவாலி மார்பில் குறுக்கே போட்ட பட்டையில் பளபளக்குமே, அந்த 'வில்லை' போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை பில் போட வேண்டும்.

அன்புடன்,
வேலூரிலிருந்து