ஹாஷ் வரை புரிந்துவிட்டது, அதற்கு மேல் உதவி வேண்டும்

வணக்கம்ங்க. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். லாட் விவரங்களை யாரும் பின்னால் திருத்த முடியாதபடி வைக்க வேண்டும் என்றுதான் பிளாக்செயின் (பதிவுகளை பிளாக் பிளாக்காகச் சங்கிலிபோல் கோத்து வைக்கும் முறை) படிக்க ஆரம்பித்தேன்.

எஸ்எச்ஏ-256 வரை புரிகிறது. கொடுக்கும் தகவலுக்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீட்டை, அதாவது ஹாஷை, கணக்கிட்டுத் தரும் முறை அது. ஒரு வரியைக் கொடுத்தாலும் ஒரு வருடப் பேரேட்டையே கொடுத்தாலும் 256 பிட், அதாவது 64 எழுத்தில்தான் விடை வருகிறது. 60 மூட்டை என்பதை 61 என்று மாற்றிப் பார்த்தேன். விடை அடியோடு மாறிவிட்டது. அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு பிளாக்கும் முந்தைய பிளாக்கின் ஹாஷைச் சுமக்கிறது, அதுவும் சரி.

சந்தேகம் இங்கேதான். நடுவில் ஒரு பிளாக்கைத் திருத்திவிட்டு, பின்னால் உள்ள ஹாஷையெல்லாம் ஒருவர் மறுபடி கணக்கிட்டுவிட்டால்? பிட்காயினில் அங்கிருந்து மைனிங் வேலையை (புது பிளாக்கைச் சேர்க்கக் கணினிகள் போட்டி போட்டுச் செய்யும் பெரிய கணக்கு) திரும்பச் செய்து மற்ற எல்லோரையும் முந்த வேண்டும், அது சாமானியமில்லை. நாங்கள் ஐந்தாறு கடைக்காரர்கள் மட்டும் சேர்ந்து வைத்தால் எது தடுக்கும்? ஆளுக்கொரு நகல் போதுமா, டிஜிட்டல் கையொப்பமும் வேண்டுமா?

அப்புறம், எடை போடும்போதே தப்பாகப் பதிந்தால் ஹாஷ் அதைப் பிடிக்காதே, அதற்கு என்ன வழி?

தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்க. பெருந்துறை, கோபி பக்கம் யாராவது இருந்தால் நேரிலேயே வந்து கேட்டுக்கொள்கிறேன்.