மரம் வெட்டுப் புகார் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

சோலைக்குருவி:
நீலகிரியில் ஓர் எஸ்டேட்டை ஒட்டின ஊர் எங்களுடையது. போன வெயில் காலத்தில் பக்கத்துச் சரிவில் சில்வர் ஓக் வெட்ட ஆரம்பித்தார்கள். அது இங்கே புதிதில்லை, தேயிலைக்கு நிழலுக்காக நட்டது, முற்றினால் வெட்டுவார்கள். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான கமிட்டி அனுமதித்தால்தான் பட்டா நிலத்து மரத்தில்கூடக் கை வைக்கலாம். அனுமதி இருந்தது. ஆனால் அது சில்வர் ஓக்குக்கு மட்டும். லாரியில் ஏறியதில் ஓடை ஓரத்து நாட்டு மரங்களும் இருந்தன.

மேலிடத்துக்கு ஆன்லைனில் மனு போட்டேன். உடனே குறுஞ்செய்தி வந்தது, சந்தோஷம். அப்புறம் அந்த மனு ஒவ்வொரு மேசையாக இறங்கி, கடைசியில் யாரிடம் வந்து நின்றது தெரியுமா? அந்த மரங்களுக்கு நம்பர் போட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்த அதே அலுவலரிடம். 'ஆய்வு செய்யப்பட்டது, விதிமீறல் ஏதுமில்லை' என்று எழுதி மூடிவிட்டார். அவர் சரிவுப் பக்கம் வந்ததை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குள் டீக்கடையில் கான்ட்ராக்டர் என்னைப் பார்த்து, "என்ன சார், மேல எழுதிப் போட்டீங்களாமே" என்று சிரிக்கிறார். அந்த அலுவலர்மேல் எனக்குத் தனிக் கோபம் இல்லை. தான் போட்ட கணக்கில் தானே தப்புக் கண்டுபிடிக்க யாருக்கு மனசு வரும்?

பழைய கணக்குப்பிள்ளை:
தம்பி, நான் மரக் கான்ட்ராக்டர் ஒருவரிடம் கணக்கு எழுதினவன். அந்தப் பக்கத்து வேலை தெரியும் என்பதால் சொல்கிறேன். 'காட்டை அழிக்கிறார்கள்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. லாரியைப் போட்டோ எடுப்பதும் அவ்வளவாக உதவாது, எந்த மரத்துக்கும் ஒரு பாஸ், அதாவது மரத்தை ஏற்றிப்போக வனத்துறை தரும் அனுமதிச் சீட்டு, காட்டிவிடுவார்கள். அடிக்கட்டையைப் பாருங்கள். அனுமதி கிடைத்த மரத்துக்கு நெஞ்சு உயரத்தில் ஒரு நம்பர், தரையை ஒட்டி இன்னொரு முறை அதே நம்பர், சுத்தியல் முத்திரையோடு. கீழே போடுவதே மரம் போன பிறகும் நிற்கட்டும் என்றுதான். நம்பர் இல்லாத அடிக்கட்டைமேல் மண்ணும் சருகும் குவிந்திருக்கும். கெட்டிக்காரனாக இருந்தால் சருகைக் கொளுத்தி, பழைய கட்டைபோலக் கருக்கிவிடுவான். நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும்.

இன்னொன்று, ஒரே பாஸில் இரண்டு நடை. செக்போஸ்ட்டில் முத்திரை குத்தாமல் விட்டால் காலையில் போன பாஸ் சாயங்காலமும் போகும். ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் மரம் எண்ணிய லிஸ்ட், கொடுத்த பாஸ்கள் இரண்டின் நகலும் கேளுங்கள். மனுவைவிட அதற்குத்தான் பயப்படுவார்கள்.

கூட்னி குளிர்:
கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கூட்னி பக்கம் இருக்கிறேன். இங்கே காட்டில் பெரும்பகுதி, 90 சதவீதத்துக்கும் மேல், அரசு நிலம். கம்பெனிகள் லைசென்ஸ் எடுத்து வெட்டுகின்றன. 1993-ல் கிளேகோட் சவுண்டில் மரம் வெட்டுவதை மறித்து 800 பேருக்கு மேல் கைதானார்கள். 1995-ல் வனச் செயல்முறை வாரியம் என்று ஒன்று வந்தது. அது வனத்துறைக்குக் கீழே இல்லை. கம்பெனியை மட்டுமல்ல, அனுமதி கொடுத்த அரசையும் சேர்த்தே விசாரிக்கும். யாரும் புகார் கொடுக்கலாம், காசு கிடையாது.

எங்கள் ஏழெட்டு வீடுகளுக்கும் குடிதண்ணீர் மேலே இருக்கிற ஓடையிலிருந்துதான். மரம் இறக்கப் போட்ட பாதையிலிருந்து சேறு வந்து வடிகட்டி அடைத்துக்கொண்டது. புகார் கொடுத்தோம். விசாரணைக்கு வந்தவர்கள் கம்பெனி ஆளையும் எங்களையும் ஒன்றாகவே மேலே கூட்டிப்போனார்கள். பாதைக்கு அடியில் போட்ட குழாய் ஒன்று, கைக்குழந்தை நுழையாத அளவு குறுகல், அதன் வாயில் கிளையும் சரளையும் அடைத்து நின்றன. தண்ணீர் பாதையை அரித்துக்கொண்டு ஓடியிருந்தது. கம்பெனி ஆள் எங்கள் எதிரிலேயே அதைப் பார்த்தார், பேச்சில்லை.

அறிக்கை எல்லோரும் படிக்கும்படி வந்தது. பாதைப் பராமரிப்பு தப்பு, ஆனால் மரம் வெட்டியது சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் மகா கோபம். இந்த வாரியத்தால் அபராதம் போட முடியாது, வெட்டை நிறுத்தவும் முடியாது, பரிந்துரைதான். தனியார் நிலம் என்றால் அதுவும் இல்லை. ஆனாலும் எங்கள் புகார் சுற்றிக்கொண்டு அந்தக் கம்பெனி மேசைக்கே திரும்பிப் போகவில்லை. குழாயையும் மாற்றினார்கள்.

சோலைக்குருவி:
கணக்குப்பிள்ளை அண்ணே, கும்பிடு. லிஸ்ட் வந்துவிட்டது. முழுக்க சில்வர் ஓக்தான். நம்பர் இல்லாத அடிக்கட்டை அத்தனையும் ஓடை ஓரமே கூட்டமாக இருக்கிறது, டேப் பிடித்துப் போட்டோ எடுத்தாயிற்று. நம் நாட்டில் அந்த வாரியம் மாதிரி ஏதும் இல்லையா? சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் போகலாமா?

வக்கீல் குமாஸ்தா:
உண்டு சார், அதற்குக் காரணமே உங்கள் ஜில்லாதான். கூடலூர் பக்கம் காடு வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, யார் பேரில் இருந்தாலும் காடு காடுதான் என்றது. ஜன்ம நிலம், அதாவது பழைய பரம்பரை உரிமை நிலம், அதில் உள்ள மரங்களை வெட்டவும் அதிலேயே தடை. அந்த வழக்கில் பிறந்ததுதான் 2002-ல் வந்த மத்திய அதிகாரக் குழு. சாதாரண ஆளும் அதற்கு மனுப் போடலாம், குழு விசாரித்து நேரே நீதிமன்றத்துக்கே அறிக்கை கொடுத்துவந்தது. 2023-ல் அதை நிரந்தர அமைப்பாக்கி மத்திய அமைச்சகத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். பழைய பல்லு இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

தீர்ப்பாயம் என்றால் ஆறு மாதக் கெடு, காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். வெட்டின தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிக்கல், 1955 சட்டம் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் இல்லை, 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதனால் அந்த ஓடை ஓரம் எஸ்டேட் பட்டாவா, புறம்போக்கா, காடா என்பதுதான் முதல் கேள்வி. சர்வே நம்பரைக் கண்டுபிடித்து தாலுகா ஆபீஸில் அ-பதிவேடு (எந்த நிலம் என்ன வகை, யார் பேரில் என்று காட்டும் பதிவேடு) நகல் எடுங்கள், அதைப் பார்த்துவிட்டு எங்கே போவதென்று பேசுவோம்.