சீட்டு வரிசையாக அடிக்க மாட்டேன் என்கிறது, ப்ராமிஸ் (பிறகு முடியும் வேலைக்கு ப்ரோக்ராம் வைத்துக்கொள்ளும் அடையாளம்) தெரிந்தவர்கள் உதவவும் (அவசரம்)

இலைத்தராசு · இரவு 8.40
கோத்தகிரி பக்கம் ஒரு லீஃப் ஷெட்டுக்கு (பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்கும் இடம்) சின்ன ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தேன். இலை போடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சீட்டு அடிக்க வேண்டும். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. ஒரு நாள் 30 பேர், ஒரு நாள் 70 பேர் வருவார்கள், அதனால் தென் தென் (முந்தையது முடிந்ததும் இதைச் செய்) என்று ஆளுக்கு ஒன்றாகக் கையால் எழுத முடியாது. அவெய்ட் (முடியும் வரை காத்திரு என்னும் கட்டளை) போட்டும் வேலை செய்யவில்லை. காலையில் இலை வண்டி வருவதற்குள் சரியாக வேண்டும்.

கேத்தி_வேலி · 8.52
எந்த மொழி? ஜாவாஸ்கிரிப்டா? எரர் ஏதாவது வருகிறதா? அவெய்ட் எந்த இடத்தில் போட்டிருக்கிறீர்கள்?

தொட்டபெட்டா2637 · 8.55
பிரிண்டர் பேட்டரியைப் பாருங்கள். குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும். போன டிசம்பரில் எனக்கும் இதே கதைதான்.

பழையநோடு · 9.03
"வேலை செய்யவில்லை" என்பது எரர் மெசேஜ் அல்ல தம்பி. நோடு (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) என்றால் எந்த வெர்ஷன்? 7.6க்கு முந்தையது என்றால் அவெய்ட்டே ஓடாது. மாதம் இரண்டு பேர் இதையே கேட்கிறார்கள், தேடிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது.

இலைத்தராசு · 9.20
நோடுதான். வெர்ஷன் பார்க்க மடிக்கணினி இப்போது கையில் இல்லை, போனில் தட்டுகிறேன். எரர் எதுவும் இல்லை. சீட்டில் மேலே ஒருவர் பெயர், அதற்குக் கீழே இன்னொருவருடைய "14.5 கிலோ, கழிவு 1", நடுவில் மூன்றாவது ஆளின் பாதி வரி. இன்று அதைப் பார்த்து ஒரு பாட்டி என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

மிளாறு · 9.24
எல்லா ப்ராமிஸையும் சேர்த்து ப்ராமிஸ்.ஆல் போடுங்கள், முடிந்தது.

குன்னூர்_அக்கா · 9.41
ப்ராமிஸ்.ஆல் வேண்டாம். விடைகளை வரிசையாகத் தரும், வேலைகளை வரிசையாக ஓட்டாது. ஃபங்ஷனைக் கூப்பிட்ட நொடியே வேலை தொடங்கிவிடும். மேட்டுப்பாளையத்தில் எல்லா பஸ்ஸையும் ஒன்றாகக் கிளப்பிவிட்டு வழியில் பர்லியாறில் நின்று வரிசையாக வா என்றால் வருமா?

எரர் வரவில்லை என்றால் வெர்ஷன் பிரச்சினை இல்லை. பழைய நோடாக இருந்தால் சின்டாக்ஸ் எரரில் அப்போதே நின்றிருக்கும். தம்பி, அவெய்ட்டை ஃபார்ஈச்சுக்குள் (பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது) போட்டீர்களா? ஃபார்ஈச் உள்ளே இருக்கும் ஃபங்ஷன் திருப்பித் தரும் ப்ராமிஸைக் கண்டுகொள்ளவே செய்யாது. அதை எடுத்துவிட்டு, அசிங்க் ஃபங்ஷனுக்குள் (அவெய்ட் போட இடம் தரும் ஃபங்ஷன்) சாதாரண ஃபார் ஆஃப் லூப் போட்டு, உள்ளே அவெய்ட் வையுங்கள். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் ஒவ்வொன்றாகத்தான் போகும்.

பழையநோடு · 9.48
அவெய்ட் வருவதற்கு முன்பே ரெட்யூஸில் (பட்டியலை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது) செய்துகொண்டிருந்தோம். ஆரம்ப மதிப்பு ப்ராமிஸ்.ரிசால்வ் (ஏற்கெனவே முடிந்த ப்ராமிஸ்), ஒவ்வொரு சுற்றிலும் முந்தையதன் தென்னுக்குள் அடுத்ததைக் கூப்பிட்டு ரிட்டர்ன். ஒரே வரி.

குன்னூர்_அக்கா · 9.55
அந்த ஒரு வரியில் ரிட்டர்ன் விட்டுப்போனால் சங்கிலி அறுந்துவிடும், கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். நான் பட்டிருக்கிறேன்.

மலைக்காடு · 10.02
அது இருக்கட்டும், 14.5 கிலோவுக்குக் கழிவு என்று எடையில் 1 கிலோ குறைப்பதா? சாக்கு அவ்வளவு கனமா?

மிளாறு · 10.06
மழையில் பறித்த இலையில் தண்ணீர் இருக்காதா? உதறாமல் கொண்டுவந்து கொட்டினால் கழிக்கத்தான் செய்வார்கள்.

மலைக்காடு · 10.09
வெயில் நாளிலும் அதே கழிவுதான் எங்கள் ஊரில். தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கேத்தி_வேலி · 10.15
இரண்டு பேரும் இதற்குத் தனி இழை போடுங்கள்.

இலைத்தராசு · 10.50
ஃபார்ஈச்தான் போட்டிருந்தேன். ஃபார் ஆஃப் மாற்றிவிட்டேன். இன்னும் கலந்துதான் வருகிறது.

தொட்டபெட்டா2637 · 10.53
பேட்டரி.

குன்னூர்_அக்கா · 11.04
பிரிண்ட் செய்கிற ஃபங்ஷன் ப்ராமிஸைத் திருப்பித் தருகிறதா, கால்பேக் (முடிந்ததும் கூப்பிட நாம் கொடுக்கும் ஃபங்ஷன்) கேட்கிறதா?

இலைத்தராசு · 11.10
கால்பேக். பழைய லைப்ரரி.

குன்னூர்_அக்கா · 11.19
அதுதான் விஷயம். அது எதையும் திருப்பித் தராது. அவெய்ட்டுக்குக் கிடைப்பது அண்டிஃபைண்ட் (மதிப்பே இல்லை), அதற்காக அது காத்திருக்காது. நியூ ப்ராமிஸ் போட்டுச் சுற்றி, கால்பேக் வந்ததும் ரிசால்வ் (முடிந்தது), எரர் என்றால் ரிஜெக்ட் (தோற்றது) என்று சொல்லுங்கள். லூப்புக்குள் எரரைப் பிடித்துக்கொள்ளும் ட்ரை கேட்ச்சும் வையுங்கள், இல்லையென்றால் ஏழாவது ஆளிடம் பேப்பர் தீர்ந்தால் மிச்சப் பேருக்குச் சீட்டே வராது. கால்பேக் எப்போது வருகிறது என்றும் பாருங்கள். டேட்டா போய்ச் சேர்ந்ததுமே கூப்பிடும் லைப்ரரியும் உண்டு, அச்சு முடிந்த பிறகு கூப்பிடுவதும் உண்டு.

இலைத்தராசு · காலை 9.35
63 சீட்டு, ஒன்றும் கலக்கவில்லை. நன்றி அக்கா. வண்டி நிற்கிறது, வருகிறேன்.

மலைக்காடு · 9.50
அந்தக் கழிவு யார் போட்டது என்று சொல்லாமலே போய்விட்டாரே.