கண்வலிக் கிழங்கும் அத்தையின் தலைமுடியும்

செங்காந்தளைத் தமிழ்நாட்டின் மாநில மலர் என்றும் முருகனுக்கு உகந்த பூ என்றும் மட்டுமே அறிந்திருந்த நான், மூலனூர்ப் பக்கம் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் போனபோதுதான் அது வயலில் பயிராவதைக் கண்டேன். சூல்தண்டு செங்கோணமாக மடங்கி மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், பெண்கள் காலையிலேயே ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அதன் பெயர் கண்வலிக் கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்குமாம். நான் நெடுநேரம் பார்த்தும் வலிக்கவில்லை. விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது.

இரண்டு கிழங்குகளை வாங்கி வந்து மாடித் தொட்டியில் நட்டேன். பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, பின்பு தீக்கொழுந்து போலச் சிவந்த பூவைக் கண்ட அத்தை, குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் முதலில் நிற்பது இதுதான் என்று மகிழ்ந்துபோனார். தை மாதம் கொடி காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, கழுவி, சமையலறை மேடையிலேயே உலர வைத்தேன். அந்த அறிவீனம் முழுக்க என்னுடையது. கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர்பெற்ற அதை, அத்தை ஏதோ வள்ளிக்கிழங்கு வகை என்று எண்ணி வேகவைத்து ஒரு துண்டை வாயிலிட்டார். கசந்ததால் பாதியோடு நிறுத்திவிட்டார். வேகவைத்தாலும் அதன் நஞ்சு முறியாது.

சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கின. மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துச் சென்றதால் மருத்துவருக்குக் காரணம் உடனே புரிந்தது. முறிமருந்து எதுவும் கைவசம் இல்லை என்றும், உடலில் அணுக்கள் பிரிந்து பெருகுவதையே இந்த நஞ்சு தடுக்கும் என்றும் சொல்லி, நாள்தோறும் இரத்தத்தைச் சோதித்து, ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினார். இரண்டாம் வாரத்தில், அவர் எச்சரித்திருந்தபடியே, அத்தையின் முடி சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது.

செய்தி கேட்டு வந்த தங்கையின் மாமியார், நஞ்சுக்கொடி விழத் தாமதமானால் அந்தக் காலத்து மருத்துவச்சிகள் இக்கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவார்கள் என்றும், சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் இதை உள்ளுக்குக் கொடுக்கமாட்டார் என்றும் சொல்லிவிட்டு, "நீங்க குழம்பு வைக்கப் பாத்தீங்களே, சம்பந்தி!" என்றார். தலையில் முக்காடிட்டிருந்த அத்தை அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

ஆறேழு மாதத்தில் முடி வளர்ந்துவிட்டது. தொட்டி இன்னும் மாடியில்தான் இருக்கிறது. ஆடி பிறந்ததும் தண்ணீர் ஊற்றுபவர் அத்தை.