அனெட் ஒப்ரெஸ்டாட்: 18 வயதில் அவ்வளவு பெரிய வெற்றி, அப்புறம் ஏன் போக்கரை விட்டார்?

ஆற்றுமணல்:
நார்வேயைச் சேர்ந்த அனெட் ஒப்ரெஸ்டாட் 2007 செப்டம்பரில் லண்டனில் நடந்த முதல் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் ஐரோப்பா என்ற சீட்டாட்டத் தொடரின் மெயின் ஈவன்ட்டை, அதாவது முக்கியப் போட்டியை ஜெயித்தார், பரிசு 10 லட்சம் பவுண்ட். 19 வயது நிறைய அவருக்கு ஒரு நாள் பாக்கி. இந்தத் தொடரில் ஒரு போட்டியை ஜெயித்தவருக்குத் தரும் பிரேஸ்லெட்டை வாங்கியவர்களில் அவரைவிடச் சின்ன வயதுக்காரர் கிடையாது. அப்படிப்பட்டவர் பத்து வருடத்தில் போக்கரை ஏறக்குறைய விட்டுவிட்டு யூடியூபில் மேக்கப் வீடியோ போடப் போய்விட்டார். அதிர்ஷ்டத்தில் வந்தது அதிர்ஷ்டத்தோடு போய்விட்டது என்று நண்பன் சொல்கிறான், எனக்கு மனசு ஒப்பவில்லை. விளையாட்டை நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசிச்சீட்டு:
உங்கள் நண்பர் சொல்வது தப்பு. அந்தப் பெண் 15 வயதில் ஃப்ரீரோல், அதாவது நுழைவுக் கட்டணம் இல்லாத ஆன்லைன் போட்டிகளில் ஆரம்பித்து, அதில் கிடைத்த சில்லறையை வைத்தே மேலே வந்தவர், கையிலிருந்து காசு போடவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். லண்டனுக்குச் சில வாரம் முன்னால் 180 பேர் ஆடிய 4 டாலர் போட்டி ஒன்றில், ஒரே ஒரு தடவை தவிர தன் சீட்டைப் பார்க்காமலேயே ஆடி முதலிடம் வாங்கினார். எப்படி முடியும் என்றால், தனக்கு முன்னால் யார் பெட், அதாவது பந்தயப் பணம் வைத்தார்கள், எவ்வளவு வைத்தார்கள், யார் பயந்து ஃபோல்ட் செய்கிறார்கள், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகுகிறார்கள், தான் கடைசியில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறோமா என்பதை மட்டும் கவனித்தே நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தை நிறைய தடவை எடுத்துவிடலாம். சீட்டு நன்றாக வந்தால்தான் ஜெயிப்போம் என்று உட்கார்ந்திருப்பவருக்கு இது புரியாது. அதற்காக அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. லண்டனில் கடைசிக் கையில் இவரிடம் ஜோடி ஏழு, எதிரே ஜான் டபட்டபாயிடம் ஆறும் ஐந்தும், மேசை நடுவில் இருவருக்கும் பொதுவான சீட்டாக ஐந்து, ஆறு, ஏழு விழுந்தது. இவருக்கு மூன்று ஏழு, அவருக்கு இரண்டு ஜோடி, மூன்று ஏழுதான் பெரியது. இரண்டு ஜோடி வைத்திருப்பவர் அங்கே எப்படி ஃபோல்ட் செய்வார்? அந்தக் கையில் சீட்டுதான் பேசியது, அதுவரை கொண்டுவந்தது இவருடைய ஆட்டம்.

வடக்குவாசல்:
பணப் பக்கத்தையும் பாருங்கள், இதில்தான் வெளியே இருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பரிசுத்தொகை வேறு, சம்பாத்தியம் வேறு. 2009-இல் ஜோ கடா 21 வயதில் லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் மெயின் ஈவன்ட்டை ஜெயித்து 85 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார், ஆனால் 10,000 டாலர் பை-இன்னை, அதாவது நுழைவுக் கட்டணத்தைக் கட்டியது பேக்கர்கள், அதாவது லாபத்தில் பங்குக்காகப் பணம் போடுபவர்கள் என்பதால் பாதி அவர்களுக்குப் போய்விட்டது, வரி தனி. இது அநியாயமான ஒப்பந்தம் இல்லை. பெரிய போட்டியில் பெரும்பாலானவர்கள் போட்ட பணத்தை இழந்துதான் எழுந்து போவார்கள், நன்றாக ஆடுகிறவரும் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருப்பார், அந்த மாதங்களில் பை-இன்னை யாராவது தாங்க வேண்டும். கடா நிலைத்தார். 2014-இல் ஒன்று, 2018-இல் இரண்டு பிரேஸ்லெட் வாங்கினார், அதே 2018-இல் மெயின் ஈவன்ட்டிலும் ஐந்தாவது இடம். ஒரே ஒரு பெரிய ஜெயிப்பு மட்டும் என்றால் இதைத் தொழில் என்று சொல்ல மாட்டேன், கடாவைப் பார்த்துத்தான் தொழில் என்று சொல்கிறேன்.

ஆற்றுமணல்:
சரி, பாதி போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. அப்படியானால் அனெட்டிடம் திறமை இருந்தும் ஏன் தொடரவில்லை? வேகாஸில் அவரைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டதே இல்லையே.

கடைசிச்சீட்டு:
அங்கே காசினோவில் ஆட 21 வயது ஆக வேண்டும், அதனால் உலகமே அவரைப் பற்றிப் பேசிய நேரத்தில் அவரால் அங்கே உட்காரவே முடியவில்லை, அங்கே நடக்கும் வேர்ல்ட் சீரிஸுக்கு 2010 கோடைதான் முதல் வாய்ப்பு. அதற்குள் ஆட்டமும் கடினமாகிவிட்டது, ஆன்லைனில் வளர்ந்த பையன்கள் எல்லா மேசையிலும் வந்துவிட்டார்கள். ஆர்வம் போனதும் ஒரு காரணம், இதைத் தோல்வி என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. டென்மார்க்கின் பீட்டர் ஈஸ்ட்கேட்டைப் பாருங்கள், 2008-இல் 22 வயதில் அதே வேகாஸ் மெயின் ஈவன்ட்டில் 91 லட்சம் டாலர் ஜெயித்துவிட்டு 2010-லேயே விலகுவதாக அறிவித்தார். பதினைந்து வயதில் பிடித்த ஒன்று முப்பதிலும் பிடித்தே ஆக வேண்டுமா? அனெட்டின் நேரடிப் போட்டிப் பரிசுகள் மட்டும் சுமார் 39 லட்சம் டாலர், அதைத் தன் ஆட்டத்தால் ஜெயித்தார், வேண்டாம் என்று தோன்றியதும் எழுந்து போனார். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.